நேர்மை மன்றத்தில் ஒரு சங்கு

பண்டமாற்று நேர்மை மன்றத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதுவது என் வேலை. பாசிக் நகரில், பதினோராம் மாடியில், மாதத்துக்கு இரண்டு வியாழக்கிழமை மன்றம் கூடும். முதலில் ஜெபம். அப்புறம் நாட்டுப் பண். போன கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ். பேனருக்கு முன்னால் நின்று புகைப்படம். பிறகு பான்சித் நூடுல்ஸும் இட்லி மாதிரி இருக்கும் புட்டோவும். இவ்வளவுக்கும் பிறகு நேரம் இருந்தால் வேலை. ஆறு வருடமாக எழுதுகிறேன். நேரம் இருக்கவில்லை என்று எழுதிய நாட்கள்தான் அதிகம்.

எங்கள் நிறுவனம் நடத்துவது ‘பராவ் கடல்’ என்ற கேம். செல்போனில் ஆடுவது. ஆளுக்கு ஒரு பராவ், அதாவது பாய்மரப் படகு. மீன் பிடிக்கலாம், தீவு தீவாகப் போகலாம், கிடைத்ததை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை வடிவமைத்தது என் பக்கத்து மேசை ரோடெல் கத்தகுத்தான் என்பவன். முதல் வடிவத்தை இரண்டே நாளில் செய்தான். இரண்டு பெட்டி. நான் தருவதை என் பெட்டியில் வைக்கிறேன், நீ தருவதை உன் பெட்டியில் வை, இருவரும் பார்த்துச் சம்மதம் என்று அழுத்தினால் பொருள் கை மாறிவிடும். சோதித்துப் பார்ப்பதற்காக நான் அவனுக்கு ஒரு தேங்காய் கொடுத்தேன். அவன் எனக்கு ஒரு நண்டு கொடுத்தான். மூன்று நொடி ஆனது.

அந்த மூன்று நொடிதான் கோளாறு என்று பின்னால் தெரியவந்தது.

ஓர் ஊர் மேயரின் மகன், மஞ்சள் சாயம் பூசிய கானாங்கெளுத்தியைத் தங்க மீன் என்று நம்பித் தன் பாய்மரத்தைக் கொடுத்துவிட்டான். மேயர் எங்கள் நிறுவனத் தலைவருக்கு போன் செய்தார். அடுத்த வாரமே மன்றம் பிறந்தது. அதன் தலைவராக அட்டர்னி பொலிகார்ப்பியோ வந்தார். முப்பது வருடம் நில வழக்கு நடத்தியவர். அதில் ஒரு வழக்குகூட முடியவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கேமை அவர் ஆடியதில்லை. ஆடினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவோம் என்று பயந்தார்.

மன்றத்தின் முதல் தீர்மானப்படி, பொருளைக் கொடுப்பவர் தன்னை யாரும் மிரட்டவில்லை என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். இரண்டாவது தீர்மானப்படி, நிறுவனத்தில் வேலை செய்யும் எவரும் ஆட்டக்காரர் ஒருவரின் பொருளைத் தொடவோ நகர்த்தவோ நகல் எடுக்கவோ முடியாதபடி அந்த வசதியே நீக்கப்பட்டது. அப்படியே போய், ஒரு தேங்காயைக் கொடுக்கப் பதினோரு படி ஏற வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒன்பதாவது படியின் பெயர் சிந்தனைக் காலம். இருவரும் சம்மதம் சொன்ன பிறகும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஏழு நாள் கழித்துக் கொடுப்பவர் தன் முகத்தைக் கேமராவில் காட்டி, இரண்டு தரம் கண் சிமிட்டி, மறுபடி சம்மதம் சொன்னால்தான் பொருள் நகரும். மன்றம் முப்பது நாள் கேட்டது. ரோடெல்தான் மல்லுக்கட்டி ஏழாகக் குறைத்தான். அன்றைக்கு அவன் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

அந்த ஏழு நாளுக்குள்தான் டேனிலோ சுமாகய்சாய் இறந்துபோனார்.

அவர் பிரேசில் பக்கம் போகும் தானியக் கப்பலில் ஆயிலராக இருந்தவர். எஞ்சின் அறை வேலை. மனைவி பெர்லா, கடல் தாண்டி ரோஹாஸ் என்ற ஊரில் சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கப்பலிலிருந்து போன் பேசும் அளவுக்கு சிக்னல் கிடைக்காது, கேம் ஆடும் அளவுக்குக் கிடைக்கும். ஆகவே இருவரும் பராவ் கடலில்தான் சந்தித்துக்கொண்டார்கள். கேமில் சங்கு கிடைத்தால் அதற்குள் நாற்பது நொடி பேசி வைக்கலாம். யார் கையில் சங்கு இருக்கிறதோ அவர் மட்டும் கேட்கலாம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆன நாளுக்காக டேனிலோ ஒரு சங்கில் பேசி, அதை மனைவிக்குக் கொடுக்க முதல் சம்மதத்தை அழுத்தினார். பதிலுக்கு ஏதாவது வைத்தால்தான் பெட்டி நகரும் என்பதால் பெர்லா பன்னிரண்டு கருவாடு வைத்து, அவரும் அழுத்தினார். ஐந்தாம் நாள் எஞ்சின் அறையில் நெஞ்சு வலி. நான்கு வாரம் கழித்து உடல் வீடு வந்தது. போனும் வந்தது, பூட்டியபடி.

தொண்ணூறு நாள் யாரும் திறக்காத அக்கவுண்ட், படகோடும் பையோடும் அழிந்துவிடும். பெர்லாவின் கடிதம் எங்களுக்கு வந்தபோது முப்பத்தெட்டு நாள் பாக்கி இருந்தது.

புகார்ப் படிவத்தில் மூன்று தேர்வுகள்தான் உண்டு. நான் ஏமாற்றப்பட்டேன். நான் ஏமாற்றப்படலாம் என்று சந்தேகிக்கிறேன். நான் ஏமாற்றினேன். மூன்றாவதில் மட்டும் விரிவாக எழுத இடம் விட்டிருந்தார்கள். பெர்லாவுக்கு எழுத நிறைய இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே அவருடைய கோப்பு, மோசடி செய்தவரின் ஒப்புதல் வாக்குமூலம் என்ற தலைப்பில் திறக்கப்பட்டது.

ரோடெல் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். பிறகு என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தான்.

“அந்த ஏழு நாள் நான் போட்டது, ஜிங் அக்கா,” என்றான்.

முப்பது போட்டிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும் என்றேன். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அவனே மன்றத்தில் விஷயத்தை எடுத்துவைத்தான். எழுதி வைத்துக்கொண்டு படித்தான். இருவரும் சம்மதித்த மாற்று இது, ஒருவர் இறந்துவிட்டார், ஒன்பதாவது படியை இந்த ஒரு தடவை தாண்டிவிடலாம், இவ்வளவுதான் கேட்டான். அட்டர்னி புட்டோவை மென்று முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

“நாம இங்க சங்கப் பத்திப் பேசல,” என்றார் அவர். “சங்கு கடல்ல எவ்வளவோ கிடக்குது. நாம பேசறது நடைமுறையப் பத்தி. இன்னைக்கு ஒருத்தருக்காக விட்டுக் குடுத்தோம்னா, நாளைக்கு ஆளாளுக்கு செத்துப்போயிட்டு வந்து நிப்பாங்க.”

இதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

மதிப்பீட்டுப் பிரிவின் தலைவி எவஞ்சலின் துவாசோனுக்கு வேறு கவலை. பன்னிரண்டு கருவாட்டுக்கு ஒரு மனிதனின் குரலா என்று கேட்டார். அப்படியானால் இறந்தவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார். அதே நேரம், அவருடைய விலைப்பட்டியலில் வெறும் சங்குக்கு மூன்று கருவாடுதான். அப்படியானால் ஒன்பது கருவாடு கூடக் கொடுத்த மனைவி ஏமாற்றப்பட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் குரலைக் கேட்டால் மதிப்புப் போட்டுவிடலாம், ஆனால் அதை சங்கு வைத்திருப்பவர்தான் கேட்க முடியும். எனவே இருவரையும் ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்ற வேண்டிய நிலைமை இருப்பதாக மேடம் அறிக்கை தந்தார். இறந்தவரின் நலனைப் பார்த்துக்கொள்ள ஒரு பிரதிநிதி வேண்டும் என்று முடிவானது. சட்டப் பிரிவு கிரிசாந்தோ நியமிக்கப்பட்டார். அவருக்கு அப்போதே ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் போனது. இதற்குள் ரோடெல் தினமும் பெர்லாவுக்கு போன் செய்து பேச ஆரம்பித்திருந்தான். சொல்வதற்கு எதுவும் இல்லாத நாளிலும் செய்தான். அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டார். கடையில் மண்ணெண்ணெய் வந்ததா, மழை பெய்ததா என்று பேசிவிட்டு, வைக்கும்போது மட்டும், ஏதாவது உண்டா தம்பி என்று கேட்பாராம். இல்லை என்று சொல்லிவிட்டு இவன் மாடிப்படியில் போய் நின்றுகொள்வான். மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில் கிரிசாந்தோ எழுந்தார். கட்சிக்காரர் இதுவரை தனக்கு எந்த அறிவுறுத்தலும் தரவில்லை, அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளத் தனக்கு அதிகாரமில்லை, ஆகவே அவர் சார்பில் இந்த மாற்றை எதிர்க்கிறேன் என்றார்.

“அவர் செத்துட்டார் சார்,” என்றான் ரோடெல்.

“அது எதிர்த்தரப்பு சொல்றது.”

இறப்புச் சான்றிதழ் மூன்று பிரதி, நோட்டரி முத்திரையோடு. ஊர்க் கிராமச் சபையின் கடிதம். இறந்தவரின் இரண்டு அடையாள அட்டை, காலாவதி ஆகாதது. இவ்வளவும் கேட்டு மன்றம் கலைந்தது. பெர்லா கடையைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் அலைந்தார். கப்பல் கம்பெனியின் ஆளைப் பிடித்தார், நோட்டரியைப் பிடித்தார், நோட்டரியின் மச்சானைப் பிடித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் படம் எடுத்து ஏற்றிவிட்டு, அனுப்பிட்டேன் தம்பி என்று ரோடெலுக்குச் சொன்னார். அவன் அன்று கான்டீனில் சாப்பிட்டான்.

சாப்பிட்டுவிட்டு வந்தால் அவருக்கு எங்கள் சர்வரிலிருந்து பதில் போயிருந்தது. உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். விதி பதினான்கின்படி, இறந்தது உறுதியான ஆட்டக்காரரின் அக்கவுண்ட் இன்றிலிருந்து ஏழு நாளில் அழிக்கப்படும்.

சான்றிதழ் அனுப்பாமல் இருந்திருந்தால் பதினான்கு நாள் இருந்திருக்கும். அது இப்போது ஏழாகிவிட்டது.

விதி பதினான்கு இருப்பதே ரோடெலுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தட்டச்சு செய்தது நான்தான். அந்த விதி நிறைவேறிய கூட்டத்தைப் பற்றி எனக்கு நினைவிருந்ததெல்லாம், அன்றைக்குப் பான்சித்தில் இறால் போட்டிருந்தார்கள் என்பது மட்டும்தான்.

ரோடெல் மாடி மாடியாக ஓடினான். சர்வர் பார்க்கும் பொறியாளர்கள், தங்கள் கையில் ஒன்றும் இல்லை, இரண்டாவது தீர்மானத்தில் கையை வெட்டிவிட்டார்கள் என்றார்கள். அவசரக் கூட்டம் கூட்டச் சொல்லி அட்டர்னியின் அறைக்குப் போனான். அவசரக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னறிவிப்புத் தேவை என்று செயலாளர் சொன்னார். அவன் அந்த அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டான். காவலாளி வந்து மெதுவாகத் தோளைத் தொட்டு எழுப்பினார். நானும் போய் ஒரு கை கொடுத்தேன்.

வழக்கமான கூட்டம் வியாழக்கிழமை. அக்கவுண்ட் அழிவது வெள்ளிக்கிழமை மத்தியானம். பெர்லா காத்திருக்கவில்லை. கப்பலேறி, படாங்காஸ் துறைமுகத்தில் இறங்கி, பஸ் பிடித்து, வியாழக்கிழமை காலை எங்கள் கட்டடத்தின் கீழே வந்து நின்றார். குள்ளமான, அழுத்தமான பெண்மணி. கையில் ஒரு பை. கறுப்புச் சட்டை, கடைக்காரர்களுக்கே உரிய, யாரையும் எடைபோடும் பார்வை. ரோடெலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைக் கேட்டு ஆள் தாட்டியமாக இருப்பாய் என்று நினைத்தேன் என்றார்.

மன்றம் அவரை அன்போடு வரவேற்றது. ஜெபத்தில் டேனிலோவின் ஆன்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பெயரைக் கொஞ்சம் தப்பாகச் சொன்னார்கள். புகைப்படத்தில் பெர்லாவை நடுவில் நிறுத்தினார்கள். பிறகு அட்டர்னி எழுந்து பேசினார். அவர் நல்ல பேச்சாளர் என்பதை மறுக்க முடியாது.

“அம்மா, உங்க துக்கம் எங்க துக்கம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. முன்னெல்லாம் நம்ம கடல்ல ஒரு நாளைக்கு நாப்பதாயிரம் மாத்து நடக்கும். அதுல நாலு பேர் ஏமாறுவாங்க. போன வருஷம் முழுசுக்குமா சேர்த்தே பதினாலு பேர்தான் ஏமாந்தாங்க. இந்த வருஷம் ஒருத்தர்கூட ஏமாறல. ஏன் தெரியுமா? யாரும் யாருக்கும் எதையும் குடுக்கல. இதவிடப் பாதுகாப்பு உலகத்துல எங்க இருக்கு? இந்த சாதனைய ஒரு சங்குக்காக நான் உடைக்கணுமா?”

கை தட்டினார்கள். பெர்லாவிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார். பையை நாற்காலியில் வைத்தார்.

“சார், இருபத்தஞ்சு வருஷத்துல அந்த மனுஷன் என்னைய ஏமாத்துனது ஒரே ஒரு தடவதான். ஒம்பது மாசத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கும் முன்னாடியே வந்துட்டாரு. பெட்டியில. இதுக்கு மேல அவர்கிட்ட ஏமாற எனக்கு ஒண்ணுமில்ல. அந்த சங்கக் குடுத்துடுங்க.”

கிரிசாந்தோ கையைத் தூக்கினார். பொருளைக் கொடுப்பவர் இதற்கு முன் பொய் சொல்லியிருப்பதாக எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டதைக் குறிப்பில் ஏற்ற வேண்டும் என்றார். ஏற்றினேன். என் கை எழுதியது. துவாசோன் மேடம், கொடுப்பவரின் நாணயம் சந்தேகத்துக்குரியதாக இருப்பதால் சிந்தனைக் காலத்தை முப்பது நாளாக நீட்டலாமா என்று கேட்டார். அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். கடைசியாக பெர்லாவுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘பண்டமாற்று நேர்மைக்கு ஆற்றிய மதிப்புமிக்க பங்களிப்புக்காக’ என்று அச்சடித்திருந்தது. அவர் அதை வாங்கி, மடித்து, பைக்குள் வைத்தார்.

மூன்று பேரும் தெருவுக்கு எதிரே இருந்த பேக்கரிக்குப் போனோம். மணி இரண்டு. நாளைக்கு இதே நேரம் எல்லாம் முடிந்திருக்கும். ரோடெல் மேசையைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். ஏழு நாள் என்னுடையது, நான் போட்டது, அதுதான் உங்கள் வீட்டுக்காரரை மறித்தது என்று ஆரம்பித்து, சொல்லி முடிக்க முடியாமல் நிறுத்திவிட்டான். பெர்லா அவன் தட்டை அவன் பக்கம் தள்ளினார். முதலில் ரொட்டியைச் சாப்பிடு என்றார். அவர் அழவில்லை. ஆனால் சான்றிதழ் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜீப்னி வண்டிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன்,” என்றார் பெர்லா. “குடுக்கறதுக்கு இவ்வளவு இருக்கே. உங்க கேம்ல திருடறவன் என்ன பண்றான்? அவனுக்கும் இந்த ஃபாரமெல்லாம் உண்டா?”

ரோடெல் ரொட்டியைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.

கொள்ளை அடிப்பது எங்கள் கேமில் நான்காம் மாடியைச் சேர்ந்தது. சாகசப் பிரிவு. அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மன்றம் கிடையாது, பேனர் கிடையாது. நங்கூரமிட்டு நிற்கும் படகை மூன்று தரம் பீரங்கியால் சுட்டால் மூழ்கும். அதிலிருக்கும் பொருள்களில் பாதி மிதக்கும், எடுத்துக்கொள்ளலாம். பாதி கடலுக்குப் போய்விடும். எது மிதக்கும், எது முழுகும் என்பது அதிர்ஷ்டம். உறுதிமொழி இல்லை, சிந்தனைக் காலம் இல்லை, கண் சிமிட்டுவது இல்லை. மன்றம் நேர்மையான கொடுக்கல் வாங்கலை மட்டுமே கவனிக்கிறது. நேர்மையில்லாதது அதன் வரம்புக்குள் வராது.

இதை ரோடெல் ஒளிக்காமல் சொன்னான். பாதிக்குப் பாதி என்பதையும் சொன்னான்.

“மேல மீட்டிங்ல எவ்வளவு?” என்று கேட்டார் பெர்லா.

அவன் யோசித்துப் பார்த்தான். “ஒண்ணுமில்லம்மா.”

“அப்ப பாதி ஜாஸ்திதான்.”

துறைமுகத்துக்குள் நிற்கும் படகைச் சுட முடியாது. டேனிலோவின் படகு துறைமுகத்தில் இல்லை. இருவரும் சந்திக்கும் பவளப் பாறைக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், மனைவிக்காக நங்கூரம் போட்டு நின்றது. அந்த மட்டில் நல்லது. ஆனால் பெர்லாவிடம் பீரங்கி இல்லை. வேறொருவரிடம் மாற்றி வாங்கலாம் என்றால் அதற்கு ஏழு நாள். ஆகவே பீரங்கியையும் திருட வேண்டும். பீரங்கி இல்லாமல் பீரங்கியைத் திருடுவதற்கு வழி, கரையில் உட்கார்ந்திருப்பவரைத் துடுப்பால் அடிப்பது. பெர்லா ஆறு வருடம் ஆடியிருக்கிறார், ஒரு நண்டைக்கூட அனாவசியமாக அடித்ததில்லை.

பெர்லா அங்கேயே தன் போனில் கேமைத் திறந்தார். முதல் தீவில் ஓர் ஆள் பீரங்கியோடு உட்கார்ந்திருந்தார். ‘சிவப்புக் கொக்கு’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். பெர்லா துடுப்பை ஓங்கினார், இறக்கினார். பிறகு மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவருக்கு எழுதினார். மன்னிச்சுக்கணும். உங்க பீரங்கியத் திருட வந்திருக்கேன். என் வீட்டுக்காரர் படகச் சுடணும். அவர் செத்துட்டாரு. சங்கு உள்ள இருக்கு.

ரோடெல் நகத்தைக் கடித்தான். பதில் வந்தது.

‘இந்த பீரங்கிய என் தங்கச்சிக்குக் குடுக்க பிப்ரவரியிலேர்ந்து ஃபாரம் நிரப்பிக்கிட்டு இருக்கேன் அம்மா. அடிங்க. தலைல அடிங்க, சீக்கிரம் விழுந்துடுவேன். முடிஞ்சதும் அத என் தங்கச்சியத் திருடச் சொல்லுங்க.’

அடித்தார். அவர் சொன்னபடியே உடனே விழுந்தார்.

படகைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. பச்சை வண்ணம், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. முகப்பில் இருவர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். பெர்லா தன் படகைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வழக்கமாக அவர்கள் நிற்கும் இடம்தான் அது போலிருக்கிறது, இரண்டு படகும் தானாகப் பொருந்தி நின்றன. கட்டை விரல் திரைக்கு மேலேயே நின்றது. போனை ரோடெலிடம் நீட்டினார். அவன் வாங்கினான். வாங்கிய உடனே அவர் திரும்பப் பறித்துக்கொண்டார்.

“வேணாம். வேற ஆள் கையால வேணாம்.”

மூன்று தரம் சுட்டார். பேக்கரிப் பெண் திரும்பிப் பார்த்தாள். படகு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, அவர்கள் பெயர் தண்ணீருக்குள் போனது. பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விளக்கு வந்தது, முழுகியது. அரிசி மூட்டை முழுகியது. தொங்கு கட்டில் மிதந்தது. வலை முழுகியது. தூண்டில் மிதந்தது. ரோடெல் என் கையைப் பிடித்திருந்தான், எலும்பு வலித்தது. அப்புறம் நெடுநேரம் எதுவும் வரவில்லை. பெர்லா, டேனி என்று மட்டும் சொன்னார், கூப்பிடுவது மாதிரி.

சங்கு வந்தது. ஒரு தரம் உள்ளே போனது. மேலே வந்து நின்றுவிட்டது.

அவர் அதை எடுத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, மழையைப் பார்த்தபடி கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாம் தரம் கேட்டுவிட்டு மடியில் வைத்தார்.

“முக்கால்வாசி எஞ்சின் சத்தம்தான்,” என்றார். “கத்திக் கத்திப் பேசறாரு, ஒண்ணும் விளங்கல. என் பேரு மட்டும் ரெண்டு தடவ தெளிவா இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அங்க இவ்வளவு சத்தமா இருக்கும்னு அவரு சொன்னதேயில்ல.”

அப்போதுதான் அழுதார். ரோடெல் எழுந்துபோய் அவருக்குக் காப்பி வாங்கிவந்தான்.

சிவப்புக் கொக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இரண்டு வாரத்தில் பவளப் பாறைப் பக்கம் வரிசை நிற்க ஆரம்பித்தது. அக்காவுக்குத் தூண்டில் கொடுக்க வேண்டுமா, அக்கா துடுப்போடு வருவாள், தம்பி தலையைக் காட்டுவான். ரியாத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி, தாவாவோவில் இருக்கும் மகனிடம் மாலை ஐந்து மணிக்கு அடி வாங்க நேரம் ஒதுக்கி வந்தாள். சுடுவதற்கு முன் நன்றி சொன்னார்கள். மூழ்கிய பிறகும் சொன்னார்கள். பாதிப் பொருள் கடலில் போனது. மீதிப் பாதி போய்ச் சேர்ந்தது. யாரும் புகார் எழுதவில்லை.

இது மன்றத்தின் காதுக்கு வர நான்கு மாதம் ஆனது. ஆண்டறிக்கைக் கூட்டம் அது. பேனர் பெரிதாக இருந்தது. இந்த வருடம் மோசடி பூஜ்யம் என்று அட்டர்னி அறிவித்து, எல்லோருக்கும் கேடயம் கொடுத்தார். பிறகு யாரோ எழுந்து, மாற்றும் பூஜ்யம், ஆனால் கொள்ளை ஒரு நாளைக்கு முப்பதாயிரம் என்றார். அட்டர்னியின் முகம் சிவந்தது. இப்படி எந்த ஒழுங்கும் இல்லாமல் கொள்ளை நடப்பதை நாகரிகமான ஒரு நிறுவனம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார்.

“கொள்ளையடிக்கறவங்களுக்கும் பறிகொடுக்கறவங்களுக்கும் நடுவுல ஒரு நம்பிக்கை வேணும். ரெண்டு பேரோட சம்மதமும் இருக்கணும். யோசிக்க அவகாசம் இருக்கணும். ரோடெல், நீதான் இதுக்குச் சரியான ஆள்.”

கொள்ளையையும் மன்றத்தின் கீழ் கொண்டுவரத் தீர்மானம் நிறைவேறியது. கொள்ளைக்கு முன் இருவரும் அழுத்த வேண்டிய சம்மதப் பெட்டியை ரோடெல் வடிவமைக்க வேண்டும். எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். ராஜினாமா செய்துவிடுவான் என்று நினைத்தேன். கத்திவிடுவான் என்றும் நினைத்தேன்.

அவன் அமைதியாக எழுந்தான். உடனே ஆரம்பித்துவிடலாம், ஆனால் நடைமுறை தவறாமல் செய்ய வேண்டுமானால் முதலில் மன்றத்திடம் சில விளக்கங்கள் தேவை என்றான். பையிலிருந்து காகிதங்களை எடுத்தான். நாற்பத்தோரு கேள்வி இருந்தது. முதல் கேள்வி: விரும்பித் தன் பொருளைப் பறிகொடுப்பவர், பறிகொடுத்தவரா, கொடுத்தவரா? கொடுத்தவர் என்றால் கொள்ளை நடந்ததா? நடக்கவில்லை என்றால் அதற்கு யாருடைய சம்மதம் தேவை?

அட்டர்னி கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இது ஆழமான கேள்வி, அவசரப்படக் கூடாது என்றார். துவாசோன் மேடம் ஒரு துணைக்குழுவுக்குத் தலைமை ஏற்றார், கிரிசாந்தோ இன்னொன்றுக்கு.

பதினான்கு மாதம் ஆகிறது. பவளப் பாறையில் தினமும் கொள்ளை நடக்கிறது. பெர்லா சில நாள் அங்கே வந்து, புதிதாக வருபவர்களுக்கு எங்கே அடித்தால் சீக்கிரம் விழுவார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார் என்று ரோடெல் சொன்னான். அவன் மறுபடி சாப்பிடுகிறான். சட்டை பொருந்துகிறது.

போன வியாழக்கிழமை முதல் கேள்விக்கு ஒரு முடிவு வந்துவிடும் போலிருந்தது. அட்டர்னி வாக்கெடுப்புக்கு வாயைத் திறந்துவிட்டார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நான் கையைத் தூக்கினேன். போன கூட்டக் குறிப்பில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது, அதைத் திருத்தி எல்லோரும் கையெழுத்துப் போடாமல் மேலே போவது நடைமுறை ஆகாது என்றேன். எந்த வார்த்தை என்று கேட்டார்கள். தேடிப் பார்க்க வேண்டும் என்றேன்.

அட்டர்னி எழுந்து நின்று என்னைப் பாராட்டினார். சான்றிதழ் அடுத்த கூட்டத்தில் தருவார்கள்.